புறத்தே பொருத்தும் உறுப்புகளால் எஞ்சினின் குதிரைத் திறன் கூடுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட மதிலில் பாலக்காட்டுக் கணவாய் ஓர் அகன்ற வாயில்போல் அமைந்துள்ளது. வாளையார் வழியே அதனைக் கடக்கும் வண்டிகள் ஏறவேண்டிய மேடு மிகச் சிறிதே. ஆனால், கணவாய்க்குத் தெற்கே நெல்லியாம்பதி மலைகள் செங்குத்தாக எழுகின்றன. அவற்றுக்கும் தெற்கே இடுக்கி மாவட்டத்தின் தேயிலை மலைகளும் ஏலமலைகளும் தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி உயர்ந்து நிற்கின்றன. இம்மலைகளில் ஏறியிறங்கும் மக்களுக்குப் பெருந்துணையாக இருப்பது ஜீப் வண்டியாகும். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்வதும், சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான பாதையில் கொழுக்குமலைக்கு ஏறுவதும் அதுவே.

ஏற்றத்தில் வண்டி திணறும்பொழுது அதன் உரிமையாளர் பட்டறையையும் உதிரி உறுப்புக் கடையையும் நாடுகிறார். கூம்பு வடிவ வடிகட்டி, அகன்ற புகைக்குழாய், எரிபொருட் குழாயில் கட்டும் காந்தம், காற்றுக் குழாயினுள் செருகும் சுழல் விசிறி, டர்போ எனப் பல உறுப்புகள் அவருக்குக் காட்டப்படுகின்றன. ஒவ்வொன்றும் இத்தனை குதிரைத் திறனைக் கூட்டும் என்று சொல்லப்படுகிறது. அவர் செலவிடுவது பல நாள் உழைப்பின் கூலி. அந்த வண்டியில் அமர்வதோ பலருடைய உயிர். ஆகவே, இவ்வுறுப்புகளுள் எது திறனைக் கூட்டும், எது கூட்டாது என்பதைக் கணக்கிட்டு அறிதல் இன்றியமையாதது. அக்கணக்கு உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கும் பௌதிகத்திற்கு அப்பாற்பட்டதன்று.

குதிரைத் திறன் என்பது யாது?

ஒரு விநாடியில் செய்யப்படும் வேலையின் அளவே திறன் எனப்படும். சுமார் 76 கிலோகிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கும் திறன் ஒரு குதிரைத் திறன் ஆகும். ஜேம்ஸ் வாட் வகுத்த இந்த அளவு 746 வாட்டுக்குச் சமம். திறன் வேறு, இழுவிசை வேறு என்பதையும் இங்கு நினைவில் கொள்ளவேண்டும். கியரை மாற்றி இழுவிசையைப் பன்மடங்கு பெருக்கலாம். திறனை அவ்வாறு பெருக்க இயலாது. எஞ்சின் ஈனும் திறனே சக்கரத்திற்குச் செல்லும். வழியில் உராய்வினால் அது சிறிது குறையுமேயன்றிக் கூடாது.

எஞ்சினின் உணவு

எஞ்சினுக்கு உணவு எரிபொருள் மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உட்கொள்வதில் பெரும்பகுதி காற்றேயாகும். ஒரு கிராம் பெட்ரோல் செவ்வையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். டீசல் எஞ்சின் முழுச் சுமையில் கரும்புகையின்றி ஓட, கிராமுக்குச் சுமார் 20 கிராம் காற்று தேவைப்படும். எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்துவது எளிது. அதை எரிக்கும் காற்றைக் கூடுதலாகச் செலுத்துவதே அரிது. ஆதலின், எஞ்சினின் திறனுக்கு எல்லை வகுப்பது காற்றின் நிறையே என்க.

எடுத்துக்காட்டாக, 2.5 லிட்டர் கொள்ளளவும் நான்கு வீச்சும் உடைய, டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒன்றைக் கருதுக. அது நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழல்கின்றது. அப்பொழுது விநாடிக்கு 25 முறை தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்பிக்கொள்ளும், அதாவது 62.5 லிட்டர். வால்வுகளும் குழாய்களும் தரும் தடையினால் நூற்றுக்கு 80 பங்கே நிரம்புவதாகக் கொண்டால் 50 லிட்டர் காற்று உட்செல்லும். சமவெளியில் ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம். எனவே விநாடிக்கு 60 கிராம் காற்றும், அதற்கேற்ப 3 கிராம் டீசலும் கிடைக்கும். ஒரு கிராம் டீசல் எரிந்தால் வெளிப்படும் வெப்பம் சுமார் 42 கிலோஜூல். மூன்று கிராமுக்கு 126 கிலோஜூல். இவ்வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு வேலையாக மாறுவதாகக் கொண்டால் திறன் 42 கிலோவாட், அதாவது சுமார் 56 குதிரைத் திறன் ஆகும். மீதி வெப்பம் புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெளியேறுகின்றது.

இக்கணக்கிலிருந்து தெளியும் உண்மை ஒன்றே. புறத்தே பொருத்தும் ஓர் உறுப்பு திறனைக் கூட்டவேண்டுமாயின், உட்செல்லும் காற்றின் நிறையைக் கூட்டவேண்டும். அல்லது வீணாகும் வேலையைக் குறைக்கவேண்டும். அல்லது வெப்பம் வேலையாக மாறும் விகிதத்தை உயர்த்தவேண்டும். இம்மூன்றில் ஒன்றையும் செய்யாத உறுப்பு திறனைக் கூட்டாது.

மலை கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையை மலைப்பாதையே மெய்ப்பிக்கின்றது. உயரம் செல்லச் செல்லக் காற்று நொய்தாகிறது. இம்மலைகளின் உயரங்களில், ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்திற்கும் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு குறைகிறது எனலாம். கொழுக்குமலை கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கு ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் ஒரு கிராமே. மேற்கூறிய எஞ்சின் அங்கு விநாடிக்கு 50 கிராம் காற்றையே பெறும். திறனும் 56-லிருந்து 47-ஆகக் குறையும். ஒரு திருகும் கழலாமல், ஓர் உறுப்பும் பழுதாகாமல், ஒன்பது குதிரைத் திறன் மறைந்துவிடுகிறது. எரிபொருட் பம்பு பழைய அளவிலேயே டீசலைச் செலுத்தினால், எரியாத கரி கரும்புகையாக வெளிப்படும். ஏற்றத்தில் காணும் கரும்புகை பெரும்பாலும் காற்றுப் பஞ்சத்தின் அடையாளமே.

இப்பஞ்சத்தைப் போக்க இயலும் என்பதும் மலையுச்சியில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டு காற்றை அழுத்தி உட்செலுத்தும் முறைக்கு சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்போர்டு மாஸ், விமானத்திற்குரிய லிபர்ட்டி எஞ்சின் ஒன்றைக் கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்திற்கு ஏற்றிச் சென்று சோதித்தார். சிகரத்தின் உயரம் சுமார் 4,300 மீட்டர். தாழ்நிலத்தில் ஏறத்தாழ 350 குதிரைத் திறன் தந்த அந்த எஞ்சின், உச்சியில் சுமார் 230 மட்டுமே தந்தது. டர்போவை இணைத்தவுடன் அதே உச்சியில் சுமார் 356 தந்தது. ஆகவே, புறத்தே பொருத்தும் உறுப்பால் திறன் கூடவே கூடாது என்பதும் தவறு. காற்றைக் கூட்டும் உறுப்பு திறனைக் கூட்டும்.

வடிகட்டி

கடையில் கிடைக்கும் உறுப்புகளை இந்த அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்து பார்க்கலாம். முதலாவது கூம்பு வடிவ வடிகட்டி. தூய நிலையிலுள்ள சாதாரணக் காகித வடிகட்டி, முழு ஓட்டத்தில் காற்றின் அழுத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே குறைக்கும். எனவே வடிகட்டியை முற்றிலும் அகற்றினாலும் காற்று நூற்றுக்கு இரண்டு பங்குதான் கூடும்; ஆதாயம் சுமார் ஒரு குதிரைத் திறன். எந்தப் புது வடிகட்டியும் இந்த எல்லையைத் தாண்ட இயலாது.

இதில் நட்டமும் உண்டு. ஜீப்பின் பழைய வடிகட்டிப் பெட்டி வெளிக்காற்றை உட்கொள்ளுமாறு அமைந்திருந்து, திறந்த கூம்பு வடிகட்டியோ எஞ்சின் மூடிக்குள் நிற்கும் சூடான காற்றை உறிஞ்சுமாயின், 30 பாகை செல்சியசுக்குப் பதிலாக 60 பாகைக் காற்று உட்செல்லும். அப்பொழுது அதன் அடர்த்தி நூற்றுக்கு 9 பங்கு குறையும். ஐந்து குதிரைத் திறன் போய்விடும். ஒன்றைப் பெற்று ஐந்தை இழப்பது நல்ல வாணிபம் அன்று. மேலும், மண்பாதையின் புழுதியிலுள்ள நுண்மணல் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும்.

புகைக்குழாய்

அடுத்தது சைலன்சரை மாற்றுதல். புகை வெளியேறும்பொழுது அதனைத் தள்ளப் பிஸ்டன் சிறிது வேலை செய்கிறது. எதிரழுத்தம் 8 கிலோபாஸ்கல் என்று கொண்டால், 2.5 லிட்டர் புகையை விநாடிக்கு 25 முறை தள்ள 500 வாட் செலவாகும். இது ஒரு குதிரைத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு. சைலன்சரைக் கழற்றி எறிந்தாலும் இந்த எஞ்சினில் நேரே கிட்டும் ஆதாயம் ஏறத்தாழ இவ்வளவே. மிக வேகமாகச் சுழலும் பந்தய எஞ்சின்களில் புகைக்குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் அலைகளுக்கேற்ப அமைத்து, குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மேலும் பயன்பெறுவர். நிதானமாகச் சுழலும் மலை ஜீப்புக்கு அது பொருந்தாது. ஆனால் இரைச்சல் மட்டும் பன்மடங்கு கூடும். இரைச்சலை வலிமை என்று எண்ணுவது செவியின் மயக்கம். ஓட்டுநர் பலர் ஏமாறுவதும் இங்கேதான்.

காந்தமும் சுழல் விசிறியும்

காந்தம் எரிபொருளின் மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தி முழுமையாக எரியச் செய்யும் என்பர். டீசலும் பெட்ரோலும் இரும்பைப்போலக் காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள்கள் அல்ல. மேலும், செவ்வையான டீசல் எஞ்சினில் எரிபொருளில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. எஞ்சியுள்ள இரண்டு பங்கையும் எரித்தாலும் பெரும் ஆதாயம் ஏது? சுழல் விசிறியோ காற்று செல்லும் வழியில் ஒரு தடையாகவே நிற்கின்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்திருக்கிறது. அவற்றுள் மிகச் சிலவே, அதுவும் சிறிதளவே, பயன் தந்தன.

டர்போவும் மின்னணுப் பெட்டியும்

டர்போ உண்மையாகவே காற்றைக் கூட்டும். ஆயினும் விளம்பரம் கூறும் அளவைக் கணக்கிட்டே ஏற்கவேண்டும். காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்திற்கு ஏற்றினால் அதன் வெப்பநிலை 30 பாகையிலிருந்து சுமார் 80 பாகைக்கு உயர்ந்துவிடும். ஆதலின் அடர்த்தி ஒன்றரை மடங்கு ஆவதில்லை; நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகவே கூடும். இடையே காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு இருந்தால்தான் முழுப்பயனை நெருங்கலாம். மேலும், கூடுதல் காற்றுக்கேற்ப எரிபொருளையும் கூட்டவேண்டும். அப்பொழுது பிஸ்டன், வால்வு, தலைப்பகுதி கேஸ்கட், கிளட்சு, கியர்ப்பெட்டி ஆகிய யாவும் தாம் வடிவமைக்கப்பட்ட அளவுக்கு மீறிய வெப்பத்தையும் சுமையையும் தாங்க நேரிடும். தொழிற்சாலையிலேயே டர்போவுடன் உருவாக்கப்படும் எஞ்சினில் இவை அனைத்தும் அதற்கேற்ப வலுப்படுத்தப்பட்டிருக்கும். பின்னர்ப் பூட்டப்படும் எஞ்சினில் அவ்வாறு இராது.

இக்கால எஞ்சின்களின் மின்னணுக் கட்டுப்பாட்டை மாற்றும் பெட்டிகளும் இத்தகையனவே. டர்போ உள்ள டீசல் எஞ்சினில் அவை காற்றழுத்தத்தையும் எரிபொருளையும் உயர்த்தி மெய்யாகவே திறனைக் கூட்டக்கூடும். அவ்வாறு கூடுவது, ஆயுளுக்கும் பாதுகாப்புக்குமாக உற்பத்தியாளர் விட்டுவைத்த இடைவெளியிலிருந்து எடுத்த கடன் ஆகும். மிதியை அழுத்தியவுடன் எஞ்சின் விரைந்து எழும்படி செய்யும் மற்றொரு வகைப் பெட்டியோ திறனைக் கூட்டுவதே இல்லை. முழுவதும் அழுத்தினால் கிடைக்கும் திறன் முன்பு இருந்ததே.

பெரிய சக்கரங்கள்

மலை ஜீப்புகளில் பெரிய டயர்களைப் பூட்டும் வழக்கமும் உண்டு. கற்களுக்கு மேல் வண்டி உயர்ந்து நிற்க இவை உதவலாம். ஆனால் சக்கரத்தின் விட்டம் நூற்றுக்கு 10 பங்கு கூடினால், தரையில் கிட்டும் இழுவிசை நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு குறையும். வேகமானியும் பொய் கூறும். அது 40 கிலோமீட்டர் காட்டும்பொழுது வண்டி 44 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வலிமையைத் தேடிப் பூட்டிய உறுப்பே வண்டியை மேலும் திணறச் செய்வது இதனாலேயே.

ஏற்றத்திற்கு வேண்டுவது எவ்வளவு?

ஆட்களுடன் 2,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு ஜீப், பத்துக்கு ஒன்று சரிவுள்ள பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்க. எடையை உயர்த்த ஏறத்தாழ 11 கிலோவாட்டும், டயர் உருளும் தடையை வெல்ல இரண்டு கிலோவாட்டும் தேவை. மொத்தம் சுமார் 17 குதிரைத் திறன். உயரத்தினால் குறைந்து 47 ஆன எஞ்சினிடமும் இதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்கின்றது. ஆகவே, அத்தகைய பாதையில் வண்டி திணறுமாயின், குறைவது எஞ்சினின் பிறவித் திறன் அன்று. அடைத்த வடிகட்டி, தேய்ந்த நாசில், நழுவும் கிளட்சு, பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக்கு, காற்றுக் குறைந்த டயர், பொருந்தாத கியர், மிகையான பாரம் ஆகியவற்றுள் ஒன்றே காரணமாக இருக்கும். இழந்த திறனை மீட்டல் வேறு. இல்லாத திறனைக் கூட்டல் வேறு. பட்டறையில் செலவிடும் பணத்திற்கு முன்னதே உறுதியான பயன் தரும்.

இறக்கமும் சட்டமும்

ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்குகையில் வண்டி ஏறத்தாழ 1,000 மீட்டர் தாழ்கின்றது. 2,000 கிலோகிராம் எடையுள்ள ஜீப் அப்பொழுது இழக்கும் நிலையாற்றல் 19.6 மெகாஜூல். சுமார் 60 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் போதும். அதன் பெரும்பகுதியை எஞ்சினின் தடையும் பிரேக்குகளுமே ஏற்றாக வேண்டும். எஞ்சினில் எதைப் பூட்டினாலும் பிரேக்கின் வலிமை கூடுவதில்லை. திறன் கூடியது என்ற நம்பிக்கையில் மேலும் நான்கு பேரை ஏற்றினால், பிரேக்கு ஏற்கவேண்டிய வெப்பமும் அதற்கேற்பக் கூடும். தாழ்ந்த கியரில் இறங்குதலே மலையோட்டத்தின் முதல் விதி.

சட்டமும் இதனைக் கருதுகின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டப்படி, அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அளந்து அறியும் முறை

எஞ்சினின் திறனை அளக்கும் கருவி டைனமோமீட்டர் ஆகும். காற்று, நீர், எண்ணெய் ஆகியவற்றின் ஓட்டத்தை அளப்பதும் தனியொரு கலை. அதற்கெனவே மத்திய அரசின் பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் 1987 முதல் பாலக்காட்டில் இயங்குகின்றது. கருவி இல்லாத இடத்திலும் ஒப்பீட்டுச் சோதனை இயலும். போக்குவரத்து இல்லாத தனிப்பாதையில், ஒரே சரிவு, ஒரே பாரம், ஒரே கியர், ஒரே வேளை என்று வைத்துக்கொண்டு, குறித்த இரு கற்களுக்கிடையே ஏறும் நேரத்தை உறுப்புடன் ஐந்து முறையும் உறுப்பின்றி ஐந்து முறையும் குறிக்கவேண்டும். உறுப்பு பூட்டப்பட்டுள்ளதா என்பது ஓட்டுநருக்குத் தெரியலாகாது. தெரிந்தால் அவரது கால் தன்னையறியாமல் மிதியை மிகுதியாக அழுத்தும். இரு வரிசைகளின் சராசரிகளிடையே உள்ள வேறுபாடு, ஒரே வரிசையின் நேரங்கள் தம்முள் மாறுபடும் அளவைவிடக் குறைவாயின், உறுப்பினால் பயன் விளைந்தது என்று முடிவு செய்ய இயலாது.

வகுப்பறையில் இதற்குப் படிக்கட்டே போதும். 45 கிலோகிராம் எடையுள்ள மாணவன் 3 மீட்டர் உயரமுள்ள படிகளை 4 விநாடியில் ஏறினால், அவனது திறன் சுமார் 330 வாட். அரைக் குதிரைத் திறனுக்குச் சற்றுக் குறைவு. புதுக் காலணி அணிந்து ஏறினால் திறன் கூடுமா என்று மாணவரே சோதிக்கலாம். கணக்கு முன்னும் சோதனை பின்னுமாக ஒரு கூற்றை ஆராயும் பழக்கம் இளமையிலேயே அமைந்துவிட்டால், பிற்காலத்தில் கடைக்காரரின் சொல்லுக்கு அவர் கைப்பொருளை எளிதில் ஈயமாட்டார்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கூறிய எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுகள் சுழலும்பொழுது விநாடிக்கு எத்தனை கிராம் காற்றை உட்கொள்ளும்? நிரம்பும் அளவு மாறவில்லை எனக் கொள்க.

2. ஒரு வடிகட்டி பத்துக் குதிரைத் திறனைக் கூட்டும் என்று விளம்பரம் கூறுகிறது. 56 குதிரைத் திறனுள்ள எஞ்சினில் இது ஏன் இயலாது என்பதை விளக்குக.

3. தலைக்கு 60 கிலோகிராம் எடையுள்ள நால்வர் கூடுதலாக ஏறினால், 1,000 மீட்டர் இறக்கத்தில் வண்டி இழக்கும் நிலையாற்றல் எவ்வளவு கூடும்?